நுழைவுப் பகுதி அலங்காரம்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

வீட்டின் நுழைவுப் பகுதியை விரும்பிய பாணியில் அலங்கரித்து முடித்த பிறகும் ஏதோ பொருந்தவில்லை என்ற எண்ணம் நீடித்தால், பெரும்பாலானோர் முதலில் குறை சொல்வது பாணியைத்தான். பாணி இடத்துக்குப் பொருந்தாமல் போவதும் உண்டு. ஆயினும் நுழைவுப் பகுதியில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதி அளவு, பொருள் வைக்கும் இடம், வெளிச்சம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றிலிருந்தே பிறக்கிறது. மற்ற அறைகளில் மனிதர்கள் அமர்ந்திருப்பார்கள். இங்கோ எல்லோரும் நடந்துகொண்டும், கையில் எதையாவது சுமந்துகொண்டும், ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டும் இருக்கிறார்கள். இந்த அசைவுகளுக்கு இடம் விடாத எந்தப் பாணியும் நெடுநாள் குலையாமல் நிற்காது. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளை வரிசையாகவே பார்த்துச் செல்வது நல்லது. முதல் நான்கும் எந்தப் பாணிக்கும் பொதுவானவை. அவற்றைத் தீர்க்காமல் பாணி சார்ந்த திருத்தங்களில் இறங்கினால் செலவுதான் மிஞ்சும்.

தொடங்குமுன் சில படங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசற்படியில் நின்று கைப்பேசியைக் கண் மட்டத்தில் பிடித்து உள்நோக்கி ஒன்று, உள்ளறையிலிருந்து கதவை நோக்கி ஒன்று; இரண்டையும் பகலில் ஒருமுறையும் விளக்கொளியில் ஒருமுறையும் எடுக்க வேண்டும். அன்றாடம் பார்த்துப் பழகிய கண் கவனிக்காமல் விட்டுவிடும் மின்கம்பி, ஸ்விட்ச் பலகை, கோணலாகத் தொங்கும் சட்டம், கதவுக்குப் பின்னால் ஒதுக்கப்பட்ட குடை எல்லாம் படத்தில் தப்பாமல் தெரியும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால், எந்த மூலையில் இருட்டு குவிந்திருக்கிறது, எந்தச் சுவர் வெளிறிக் கிடக்கிறது என்பதும் தெளிவாகிவிடும். அளவு நாடா ஒன்றும் மாஸ்கிங் டேப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

அறிகுறி: உள்ளே வருபவர் பக்கவாட்டில் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது, கதவு எதையோ இடிக்கிறது

கதவை முழுவதுமாகத் திறந்து, அதன் விளிம்பு தரையில் வரையும் வளைவை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வளைவுக்குள் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. கால்மிதிகூட, கதவின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடைவெளியை விடத் தடிமன் குறைந்ததாக இருந்தால் மட்டுமே அங்கு இடம்பெறலாம். அடுத்து நடைவழியின் அகலத்தை அளக்க வேண்டும். ஒருவர் பையுடன் இயல்பாக நடந்து செல்ல 90 செ.மீ. திறந்த வழி தேவை. சக்கர நாற்காலி செல்லும் வீட்டில் இந்த அளவில் சமரசம் செய்துகொள்ள முடியாது. நடைவழி 120 செ.மீ. அகலமுள்ளதாக இருந்தால் சுவரோரம் வைக்கும் கன்சோல் மேசைக்கு 30 செ.மீ. ஆழம்தான் கிடைக்கும். 105 செ.மீ. மட்டுமே இருந்தால் மேசை என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, 15 செ.மீ. ஆழமுள்ள சுவர்ப்பலகை ஒன்றைப் பொருத்துவதே சரி. மேசையை வாங்கிவிட்டோம் என்பதற்காக அதை எப்படியாவது திணிக்கப் பார்ப்பதால்தான் பல நுழைவுப் பகுதிகள் கெடுகின்றன.

செவ்வியல் பாணியில் கூடத்தின் நடுவே வட்ட மேசையும் அதன் மேல் பூச்சாடியும் வைக்க விரும்புவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மேசையின் விட்டம் 90 செ.மீ. என்றால், இரு பக்கமும் 90 செ.மீ. வழி விட, கூடம் குறைந்தது 270 செ.மீ. அகலம் இருந்தாக வேண்டும். அதைவிடக் குறுகிய கூடத்தில் அதே உணர்வைச் சுவரோடு ஒட்டிய அரைவட்ட மேசை தந்துவிடும். எந்த மேசையானாலும், வாங்கும் முன் அதன் அளவில் அட்டையை வெட்டித் தரையில் ஒட்டி, வீட்டார் எல்லோரும் இரண்டு மூன்று நாட்கள் அதைத் தாண்டி நடக்கட்டும். அட்டையின் எந்த மூலை மிதிபட்டு மடங்குகிறதோ, மேசை வந்தால் அந்த மூலையில்தான் எல்லோரும் இடித்துக்கொள்வார்கள். மூலை உருண்ட மேசை வேண்டுமா, ஆழம் குறைந்தது வேண்டுமா என்பதை அதுவே சொல்லிவிடும்.

அறிகுறி: அடுக்கி வைத்த மறுநாளே காலணியும் பையும் சாவியும் பரவிக் கிடக்கின்றன

இதை ஒழுங்கின்மை என்று எண்ணி வீட்டாரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. பொருள்கள் விழும் இடத்துக்கும் அவற்றுக்கென ஒதுக்கப்பட்ட இடத்துக்கும் இடையில் தூரம் இருக்கிறது என்பதே இந்த அறிகுறியின் பொருள். சாவி வைக்கும் கிண்ணம் கதவைச் சாத்திய கை அப்படியே எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நான்கு அடி தள்ளி இருந்தாலே சாவி வேறெங்காவது போய்விடும். காலணி அடுக்கு, செருப்பு கழலும் இடத்திலேயே இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான கொக்கி 165 முதல் 170 செ.மீ. உயரத்திலும், குழந்தைகளுக்கான கொக்கி அவர்கள் கைக்கு எட்டும் 90 முதல் 120 செ.மீ. உயரத்திலும் இருந்தால், பள்ளிப் பை தரையில் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

காலணி அலமாரியைத் தேர்ந்தெடுப்பதிலும் அளவுதான் முதற்கேள்வி. பெரியவர் ஒருவரின் காலணி 30 செ.மீ. வரை நீளும் என்பதால், காலணியைப் படுக்கையாக வைக்கும் அலமாரிக்கு 32 முதல் 35 செ.மீ. ஆழம் தேவைப்படுகிறது. காலணியைச் சாய்வாக நிறுத்தும், முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் அலமாரிக்கு 17 முதல் 24 செ.மீ. போதும், குறுகிய நடைவழிக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் இவ்வகை அலமாரிகள் கனம் முன்னோக்கி வரும்போது கவிழக்கூடியவை. சுவரோடு திருகாணியால் பிணைக்காமல் ஒருநாளும் பயன்படுத்தக் கூடாது.

பாணியைப் பொறுத்து இந்தச் சிக்கலுக்குப் பல தீர்வுகள் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன. ஜப்பானிய வீடுகளின் கென்கான் என்னும் நுழைவிடத்தில் தரை வீட்டின் தரையை விடத் தாழ்ந்திருக்கும். காலணி அந்தப் படியைத் தாண்டி மேலே வராது, அருகிலேயே கெதாபாகோ என்னும் காலணிப் பெட்டி இருக்கும். படி கட்ட வழியில்லாத வீட்டிலும் இதைப் பின்பற்றலாம்: கதவருகே ஒரு மீட்டர் நீளத்துக்கு டைல்ஸ் பதித்து, அதற்கப்பால் மரத்தரையோ வேறு நிற டைல்ஸோ தொடரச் செய்தால், அந்த எல்லைக் கோட்டை மனிதர்கள் தாமாகவே மதிக்கிறார்கள். அமெரிக்காவின் ஷேக்கர் சமயக் குழுவினர் அறையைச் சுற்றிலும் மரச் சட்டம் அடித்து, அதில் வரிசையாக மர முளைகளைப் பொருத்தி, தொப்பி, மேலாடை முதல் நாற்காலி வரை எல்லாவற்றையும் அதில் மாட்டித் தரையைக் காலியாக வைத்தார்கள். நாட்டுப்புறப் பாணிக்கும் ஸ்காண்டிநேவியப் பாணிக்கும் இந்த முளைச்சட்டம் அப்படியே பொருந்தும். விக்டோரியா காலத்து வீடுகளில் நிலைக்கண்ணாடி, தொப்பிக் கொக்கி, கையுறைக்கான இழுப்பறை, குடையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கும் தட்டு எல்லாவற்றையும் ஒரே மரச்சாமானில் சேர்த்திருந்தார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் இணையர் 1953ஆம் ஆண்டு வடிவமைத்த துணிமாட்டி, கம்பிச் சட்டத்தின் முனைகளில் பல நிற மர உருண்டைகளைப் பொருத்தியது. ஒன்றும் மாட்டாத நேரத்திலும் அது அலங்காரமாக நிற்கும். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இந்த மிட்-செஞ்சுரி மாடர்ன் பாணியில் கொக்கியை மறைக்க முயல்வது வீண். அதைக் காட்சிப் பொருளாக்குவதே அந்தப் பாணியின் போக்கு.

பொருள்களைக் கண்ணில் படாமல் மறைக்க வேண்டிய பாணி, மிகக் குறைந்த பொருள்களோடு நிற்கும் மினிமலிசம். அங்கே கைப்பிடியற்ற, அழுத்தினால் திறக்கும் கதவுகள் கொண்ட அலமாரியைத் தரையிலிருந்து கூரை வரை எழுப்பி, சுவரின் நிறத்தையே பூசிவிடலாம். பளபளப்பான மேற்பூச்சு வேண்டாம். விரல்பட்ட இடமெல்லாம் தடம் தெரியும்.

அறிகுறி: பகலில் நன்றாக இருக்கிறது, இரவில் களையிழந்துவிடுகிறது

பெரும்பாலான நுழைவுப் பகுதிகளில் கூரையின் நடுவே ஒற்றை விளக்கு மட்டும் எரிகிறது. மேலிருந்து நேர்க்கீழாக விழும் அந்த ஒளி தரையைப் பிரகாசமாக்கி, சுவர்களை இருட்டில் விட்டுவிடுகிறது. உள்ளே வருபவரின் கண் பார்ப்பதோ சுவர்களைத்தான். கண்ணாடியில் முகம் பார்த்தால் கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் நிழல் விழுந்திருக்கும். ஆகவே முதல் திருத்தம் விளக்கின் வாட் அளவைக் கூட்டுவது ஆகாது. ஒளியைச் சுவருக்குத் திருப்புவது. கூரைக்குள் பதிக்கும் விளக்குகளைச் சுவரிலிருந்து 60 முதல் 90 செ.மீ. தள்ளி வைத்தால் ஒளி சுவர் முழுதும் சீராகப் படரும். கண்ணாடியின் இருபுறமும் கண் மட்டத்தை ஒட்டி, ஏறத்தாழ 150 முதல் 165 செ.மீ. உயரத்தில், சுவர்விளக்குகளைப் பொருத்தினால் முகத்தில் நிழல் விழாது. தொங்குவிளக்கு விரும்பினால், மனிதர்கள் அடியில் நடக்கும் இடத்தில் அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து 210 செ.மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

செங்கல்லோ கல்லோ பதித்த சுவருக்கு மட்டும் விளக்கை 15 முதல் 30 செ.மீ. நெருக்கத்தில் வைக்கலாம், ஒளி சுவரை உரசிக்கொண்டு இறங்கும்போது ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். அதே விளக்கைச் சமதளமான பூச்சுச் சுவருக்கு நெருக்கமாக வைத்துவிட்டு, "சுவர் மேடுபள்ளமாகிவிட்டது" என்று பூச்சுக்காரரை மறுபடி அழைப்பவர்கள் பலர். சுவரில் இருந்த சிறு அலைகள் முன்பும் இருந்தன. இப்போது ஒளி அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. விளக்கைத் தள்ளி வைத்தால் போதும்.

அடுத்து ஒளியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். விளக்கின் பெட்டியில் கெல்வின் அளவு அச்சிட்டிருக்கும். 2700 முதல் 3000 வரையிலானது இளமஞ்சள் சாயல் கொண்ட வெண்மை, 4000 நடுநிலை, 6500 நீலம் படிந்த வெண்மை. மரம், பித்தளை, பிரம்பு, மண்நிறச் சுவர் ஆகியவற்றை நம்பி நிற்கும் எந்தப் பாணியும் 6500 கெல்வின் ஒளியில் வெளிறிவிடும். நுழைவுப் பகுதியில் 6500, அடுத்த கூடத்தில் 2700 என்று இருந்தால், இரண்டும் ஒரே பார்வையில் படும்போது ஒன்று நீலமாகவும் மற்றது மஞ்சளாகவும் தோன்றி இரண்டுமே கெடும். நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ள எல்இடி விளக்கைத் தேர்ந்தெடுத்தால் மரத்தின் செம்மையும் துணியின் சாயமும் உயிரோடு தெரியும். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருத்திய பின் விளக்கு நடுங்கினால், அந்த எல்இடி டிம்மருக்கு ஏற்றதாகக் குறிக்கப்பட்டதுதானா என்பதைச் சரிபார்க்கவும்.

அறிகுறி: மாதிரி அட்டையில் பார்த்த நிறம் சுவரில் வேறாகத் தெரிகிறது

சாம்பல் என்று பூசியது ஊதாவாகத் தெரிகிறது, வெண்மை என்று பூசியது பச்சையாகத் தெரிகிறது என்ற புகார்களில் பெயின்ட் நிறுவனத்தின் மீது பழி போடுமுன் அருகிலுள்ள நிறங்களைப் பார்க்க வேண்டும். பாரிஸின் கோபலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்த வேதியியலாளர் மிஷேல் எழேன் ஷெவ்ரலிடம், கறுப்புச் சாயம் வலுவாக இல்லை என்ற புகார் வந்தது. அவர் சோதித்தபோது சாயத்தில் குறையில்லை. நீலம், ஊதா நூல்களுக்கு அருகில் நெய்யப்பட்டதால்தான் கறுப்பு களையிழந்து தெரிந்தது. அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று எதிர்நிறத்தை நோக்கித் தள்ளும் இந்த விதியை அவர் 1839ஆம் ஆண்டு வெளியிட்டார். மஞ்சள் சாயல் மிகுந்த மரக்கதவுக்குப் பக்கத்தில் உள்ள சாம்பல் சுவர் ஊதாவாகத் தெரிவதும் இதனால்தான்.

சோதனை எளிது. வெள்ளைத் தாள் ஒன்றின் நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டி, சுவரின் மேல் வைத்து அந்த ஓட்டை வழியாக நிறத்தைப் பாருங்கள். தாளுக்குள் அது சாம்பலாகவே தெரிந்தால், குறை பெயின்டில் இல்லை, பக்கத்து நிறத்தில்தான். சற்றே மஞ்சள் கலந்த சாம்பலுக்குப் போவது, அல்லது கதவின் சாயலைத் தணிப்பது தீர்வாகும். தாளுக்குள்ளும் ஊதாவாகவே தெரிந்தால் பெயின்டின் உட்சாயல் அப்படிப்பட்டது. மாதிரியை நேரடியாகப் பழைய சுவரில் பூசிப் பார்ப்பதை விட, பெரிய அட்டையில் பூசி, விளிம்பில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாக விட்டு, காலை, மாலை, விளக்கொளி மூன்றிலும் இடம் மாற்றி வைத்துப் பார்ப்பது நம்பகமானது. பளபளப்பே இல்லாத மேற்பூச்சு அழகாக இருந்தாலும், பையும் தோளும் உரசும் நுழைவுப் பகுதியில் அது விரைவில் அழுக்காகும். கழுவக்கூடிய மென்பளபளப்புப் பூச்சே இங்கு தாக்குப்பிடிக்கும்.

அறிகுறி: மினிமலிசம் என்று செய்தது குடிபெயர்ந்த வீடு போலக் காலியாகத் தெரிகிறது

பொருளைக் குறைத்தவர்கள் பொருளின் தரத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள் என்பதே இதன் காரணம். கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929ஆம் ஆண்டு பார்சிலோனா கண்காட்சிக்காக அமைத்த ஜெர்மன் மண்டபத்தில் இருக்கைகள் சிலவற்றைத் தவிர வேறு ஏதும் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சுவர்கள் பச்சைப் பளிங்கிலும் பொன்னிற ஓனிக்ஸ் கல்லிலும், தரை டிராவர்டைன் கல்லிலும் அமைந்திருந்தன. பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லாதபோது கண் மேற்பரப்பையே படிக்கும். ஆகவே காலியான நுழைவுப் பகுதியில் இன்னொரு பொம்மையைச் சேர்ப்பதற்குப் பதிலாக, கண்ணுக்கு நேரே வரும் ஒரே ஒரு மேற்பரப்பை மாற்றுங்கள்: ஒரு சுவருக்கு மெல்லிய மரத்தாள் ஒட்டிய மரவெனீர் பலகை, அல்லது தரைக்கு நாரின் முடிச்சு தெரியும் சணல் கம்பளம், அல்லது கனத்த ஒற்றை மரப்பலகையால் ஆன இருக்கை. மூன்றையும் ஒருசேரச் செய்ய வேண்டாம். மரநாரை அழுத்திச் செய்த வெள்ளை எம்டிஎஃப் பலகை மேசை, வெள்ளைச் சுவர், வெள்ளை டைல்ஸ் என்ற சேர்க்கையில் எவ்வளவு ஒழுங்கு இருந்தாலும் உயிர் வராது என்பது என் கருத்து.

அறிகுறி: இண்டஸ்ட்ரியல் பாணி நிலவறை போல அழுத்துகிறது

இந்தப் பாணியின் பிறப்பிடத்தை நினைவில் கொண்டால் காரணம் விளங்கும். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வார்ப்பிரும்பு முகப்புக் கட்டடங்களில், காலியான தொழிற்கூடத் தளங்களை 1960களில் ஓவியர்கள் வாழிடமாக்கிக்கொண்டார்கள். அங்கே கூரை மிக உயரமாக இருந்தது, சாளரங்கள் சுவரளவு பெரியவையாக இருந்தன. வெறும் செங்கல், கறுப்பு இரும்பு, சிமென்ட் தரை ஆகியவற்றின் கனத்தை அந்த வெளிச்சமும் உயரமும் தாங்கின. எட்டரை அடிக் கூரையும் சாளரமே இல்லாத நடைவழியும் கொண்ட குடியிருப்பில் அதே பொருள்களை நான்கு பக்கமும் நிரப்பினால் அவை அழுத்தவே செய்யும்.

கூரையை வெண்மையாக்குங்கள்; அதில் ஓடும் குழாய்களையும் அதே வெண்மையில் பூசிவிடுங்கள். செங்கல் ஒரு சுவரோடு நிற்கட்டும். கறுப்பு இரும்பைக் கோடாக மட்டும் பயன்படுத்துங்கள்: கண்ணாடியின் மெல்லிய சட்டம், மேசையின் கால், கொக்கித் தண்டு. தகடாகவும் பலகையாகவும் வரும் கறுப்பு இரும்பு இங்கு வேண்டாம். இழை வெளியே தெரியும் குமிழ் விளக்கு இந்தப் பாணியின் அடையாளமாகிவிட்டது. ஆனால் அதன் ஒளி குறைவு, கண்ணை நேராகக் குத்துவதும் உண்டு. அதை அழகுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு, வெளிச்சத்துக்கு மறைவான வேறு விளக்கை நம்ப வேண்டும்.

அறிகுறி: ஸ்காண்டிநேவியப் பாணியில் சுவர்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன

வட ஐரோப்பாவின் நீண்ட குளிர்காலத்தில் கிடைக்கும் சொற்ப வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்காகவே அந்த வெண்சுவர்களும் வெளிர் மரங்களும் வந்தன. நேர்வெயில் பாயும் நுழைவுப் பகுதியில் தூய வெண்மைக்குத் தேவையில்லை. சற்றுப் பழுப்போ சாம்பலோ கலந்த வெண்மைக்கு இறங்கி, பளபளப்பான டைல்ஸின் மேல் கம்பளம் விரித்தால் கூச்சம் அடங்கும். மரத்தின் வெளிர்நிறமும் கம்பளி, பருத்தி போன்ற துணிகளின் இழையும் இருந்தாலே பாணி நிலைத்துவிடும்.

அறிகுறி: போஹீமியன் பாணி செறிவாக இருக்கிறது, ஆனால் கண் எங்கும் தங்கவில்லை

பொருள்கள் மிகுதியாக இருப்பது இந்தப் பாணியில் குற்றமாகாது. எல்லாம் ஒரே அளவில் இருப்பதுதான் குற்றம்: உள்ளங்கை அளவுள்ள இருபது சட்டங்கள், முழ உயரமுள்ள ஆறு கூடைகள், ஒரே உயரத்தில் தொங்கும் நான்கு தொட்டிகள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முதலில் பெரியது ஒன்றை மட்டும் வையுங்கள். ஆளுயரக் கண்ணாடியோ சுவர்க்கம்பளமோ எதுவாகவும் இருக்கலாம். அதன் நிறங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்துகொண்டு, அந்த மூன்றில் ஒன்றாவது கொண்ட பொருள்களை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். தரை மட்டும் காலியாகவே இருக்கட்டும்.

அறிகுறி: ஆர்ட் டெகோ நுழைவுப் பகுதி விடுதி வரவேற்பறையாகத் தெரிகிறது

1925ஆம் ஆண்டுப் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து பெயர் பெற்ற இந்தப் பாணி சமச்சீர், படிக்கட்டு வடிவம், மெருகேற்றிய மரம், குரோமியம், கண்ணாடி ஆகியவற்றை விரும்புகிறது. வீட்டில் அது பொதுவிடமாகத் தோன்றினால், பெரும்பாலும் மின்னும் பரப்புகள் ஒன்றுக்கொன்று எதிரெதிரே நிற்கும். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரை மங்கலான ஆழ்ந்த நிறத்துக்கு மாற்றுங்கள். கரும்பச்சையோ கருநீலமோ பித்தளையை நன்றாகத் தாங்கும். சமச்சீரை ஓரிடத்தில் வேண்டுமென்றே உடைக்கலாம்: இரட்டை விளக்குகளுக்கு நடுவில் கண்ணாடி இருக்கும்போது, மேசையின் ஒரு பக்கம் மட்டும் பூச்சாடி போதும்.

அறிகுறி: வபி-சபி முயற்சி கவனிப்பாரற்ற வீடாகத் தோன்றுகிறது, லைம்வாஷ் உதிர்கிறது

பழமையும் கோணலும் தேய்மானமும் இந்த ஜப்பானியப் பாணியில் மதிக்கப்படுகின்றன என்பது உண்மைதான். தூசிக்கும் உரிந்த பூச்சுக்கும் அந்த மதிப்பு கிடையாது. வேறுபாட்டைக் காட்டுவது சுற்றியுள்ள சுத்தம். கீறல் விழுந்த பழைய மரப்பலகைக்கு மேலே மின்கம்பி தொங்கினால் அது கைவிடப்பட்ட பலகையாகிவிடும். கம்பி மறைந்து, சுவர் சீராக, பலகையின் மேல் ஒற்றை மண்சாடி மட்டும் இருந்தால் அது தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தெரியும்.

சுவரில் மேகம் போன்ற சாயல் வேண்டும் என்பதற்காகப் பூசிய லைம்வாஷ் என்னும் சுண்ணாம்புப் பூச்சு கை பட்டாலே பொடியாக உதிர்ந்தால், அடியில் இருக்கும் பழைய பெயின்டைச் சந்தேகிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. அது பிடிப்பதற்கு நுண்துளைகள் உள்ள பரப்பு வேண்டும். அக்ரிலிக் எமல்ஷன் பூசிய சுவர் அந்த நுண்துளைகளை அடைத்துவிட்டிருக்கும். எமல்ஷனைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது லைம்வாஷுக்கென்றே உள்ள கனிமப் பிரைமரை முதலில் பூச வேண்டும். அதன் பிறகும் கைப்பிடி, ஸ்விட்ச் ஆகியவற்றைச் சுற்றி உதிர்வு தொடர்ந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மரப்பலகை அடிப்பது நல்லது.

அறிகுறி: ஒவ்வொரு பொருளும் அழகு, சேர்ந்தால் ஒட்டவில்லை

கலப்புப் பாணியில் அடிக்கடி காணப்படும் இந்தச் சிக்கலில் முதலில் பார்க்க வேண்டியது மரங்களின் சாயல். வெளிர் மரமும் அடர் மரமும் ஒன்றாக நிற்கலாம். செம்மை படிந்த மரமும் பச்சை கலந்த பழுப்பு மரமும் அருகருகே நின்றால் இரண்டுமே தவறாகத் தெரியும். உலோகங்களில் இரண்டு வகைக்கு மேல் வேண்டாம். அவற்றில் ஒன்று தெளிவாக மிகுந்திருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்த்த பிறகும் ஒட்டவில்லையென்றால், கோளாறு நுழைவுப் பகுதிக்கு வெளியே இருக்கலாம். கதவருகே நின்றால் அடுத்த அறையும் கண்ணில் படும். அங்கே மிட்-செஞ்சுரி இருக்கைகளும் இங்கே செதுக்கு வேலைப்பாடுள்ள மேசையும் இருந்தால், இரண்டிலும் பொதுவாக ஒரு நிறத்தையோ ஒரு துணியையோ இழையவிட வேண்டும். அடுத்த அறையின் திரைச்சீலைத் துணியிலேயே இங்குள்ள இருக்கைக்கு மெத்தை தைப்பது, நான் அறிந்தவரை மிக எளிய வழி.

அறிகுறி: கண்ணாடியோ படமோ சுவரில் தனியே மிதக்கிறது

உயரமும் அகலமும் இதற்குக் காரணம். தனிச்சுவரில் மாட்டும் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மேசைக்கு மேல் மாட்டினால், மேசைப் பரப்புக்கும் சட்டத்தின் அடிக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. விட்டு, சட்டத்தின் அகலம் மேசையின் மூன்றில் இரண்டு பங்காக இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். குறுகிய நடைவழியில் கண்ணாடி நீண்ட பக்கச்சுவரில் இருந்தால் அகலம் கூடியதாகத் தோன்றும். கதவுக்கு நேரெதிரே இருந்தால் வருபவர் தம்மைத்தாமே எதிர்கொண்டு ஒரு கணம் தயங்குவார், திறந்த கதவு வழியே தெருவும் உள்ளே தெரியும்.

சில சில்லறைக் கோளாறுகள்

கம்பளம் நழுவினால், அதைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. சிறிதான, வழுக்காத அடிவிரிப்பை வெட்டிப் போடுங்கள். நடைவழிக் கம்பளத்தின் இருபுறமும் 10 முதல் 15 செ.மீ. தரை தெரிந்தால் அது அளவெடுத்து வாங்கியதாகத் தெரியும்.

செடியின் இலை மஞ்சளானால், வெளிச்சம் குறைந்த இடத்தில் நீரை மிகுதியாக ஊற்றியிருப்பதே பெரும்பாலும் காரணம். மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், இசட்இசட் பிளான்ட் ஆகியவை மங்கலான ஒளியைத் தாங்கும். மேல்மண் நன்கு காய்ந்த பிறகே நீர் விட வேண்டும். இலை நுனி மட்டும் கருகினால் கதவு வழி வரும் வறண்ட காற்றை விட்டுச் செடியை விலக்கி வையுங்கள்.

காலணி அலமாரி நாறினால், பின்பலகையில் மேலும் கீழுமாகக் காற்றுத் துளைகள் இட்டு, சுவரிலிருந்து ஒரு விரல் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஈரக் காலணியை வெளியிலேயே உலர்த்தி வைப்பது முந்தைய வேலை.

கண்ணாடியின் விளிம்பில் கறுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவினால், ஈரமோ அம்மோனியா கலந்த துப்புரவு நீர்மமோ பின்புற வெள்ளிப் பூச்சை அடைந்துவிட்டது என்று பொருள். அதை மீட்க முடியாது. விளிம்பை மூடும் அகலமான சட்டம் போட்டு மறைக்கலாம். இனித் துடைக்கும்போது நீர்மத்தைக் கண்ணாடியின் மேல் நேரடியாகத் தெளிக்காமல், துணியில் தெளித்துத் துடைக்கவும்.